பெயர் இழந்தும் பிறர் பெயர் காத்தவர்

சட்டம் இயற்றும் அவைக்குக் கேள்வி கேட்கும் உரிமை இன்றியமையாதது. நடப்பிலுள்ள சட்டத்தின் குறை யாது, புதிய சட்டம் தேவைதானா, மக்களின் வரிப்பணம் எங்ஙனம் செலவாகிறது என்பனவற்றை அறியாமல் அவை தன் கடமையைச் செய்ய இயலாது. ஆகவேதான் அவையின் குழுக்கள் சாட்சிகளுக்கு அழைப்பாணை அனுப்பும் அதிகாரத்தையும், விடை கூற மறுப்பவர்மீது அவமதிப்புக் குற்றம் சுமத்தும் அதிகாரத்தையும் பெற்றுள்ளன. நம் நாட்டுச் சட்டமன்றச் செய்திகளில் உரிமை மீறல் என்று நாம் படிப்பது இவ்வதிகாரத்திற்கு உறவுடையதே. ஆயினும், அவையின் கேள்வி ஒருவருடைய உள்ளத்துக் கொள்கையை நோக்கியும் அவருடைய நண்பர்களை நோக்கியும் திரும்பிவிட்டால் என்ன செய்வது? இவ்வினாவைத் தம் வாழ்க்கையில் நேருக்கு நேர் சந்தித்தவர் அமெரிக்க எழுத்தாளர் டால்டன் ட்ரம்போ. எழுத்தைத் தொழிலாகவும் தவமாகவும் கொள்ள விழையும் மாணவர்கள் அவருடைய வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

இளமையும் எழுத்தும்

ட்ரம்போ 1905ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் கொலராடோ மாநிலத்தில் மான்ட்ரோஸ் என்னும் ஊரில் பிறந்தார். கிராண்ட் ஜங்ஷன் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். பள்ளியில் பயிலும்போதே உள்ளூர்ச் செய்தித்தாளுக்குச் செய்தி சேகரித்துக் கொடுத்தார். பல்கலைக்கழகத்தில் ஓராண்டே பயில முடிந்தது. குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1926இல் தந்தை மறைந்தார். தாயையும் தங்கையரையும் காக்கும் பொறுப்பு இளைஞர் தோள்மீது விழுந்தது. ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இரவு வேலை பார்த்தார். பகலில் எழுதினார். எழுதியவை திரும்பி வந்தபோதும் எழுதுவதை நிறுத்தவில்லை.

1935இல் அவருடைய முதல் நாவல் வெளிவந்தது. 1939இல் வெளியான ஜானி காட் ஹிஸ் கன் என்னும் நாவல் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. முதல் உலகப்போரில் கைகால்களையும் கண்ணையும் செவியையும் நாவையும் இழந்த போர்வீரன் ஒருவன் தலையைத் தலையணையில் தட்டித் தந்திக் குறியீட்டால் உலகத்தோடு பேச முயலும் கதை அது. பேச இயலாதவனின் பேசும் வேட்கையை எழுதிய இவரே, பிற்காலத்தில் பேசுமாறு வற்புறுத்தப்பட்டபோது பேச மறுத்துச் சிறை செல்ல நேர்ந்ததை நாம் எண்ணிப் பார்க்கிறோம்.

திரைக்கதைத் துறையிலும் அவர் உயர்ந்தார். கிட்டி ஃபாயில் படத்திற்காக ஆஸ்கார் பரிந்துரை பெற்றார். 1940களின் நடுப்பகுதியில் ஹாலிவுட்டில் மிகுந்த ஊதியம் பெற்ற எழுத்தாளர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார். 1943இல் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்.

அழைப்பாணை வந்தது

உலகப்போர் முடிந்து, அமெரிக்காவுக்கும் சோவியத் நாட்டுக்கும் இடையே பனிப்போர் மூண்ட காலம் அது. அமெரிக்க எதிர்ப்புச் செயல்களை ஆராயும் குழு என்னும் பெயரில் பிரதிநிதிகள் சபையின் குழுவொன்று இயங்கியது. நியூ ஜெர்சி உறுப்பினர் பார்னெல் தாமஸ் அதன் தலைவர். 1947இல் அக்குழு திரைத்துறையின் பக்கம் திரும்பியது. குழுவுக்கு இணங்காதவர்கள் என்று கருதப்பட்டோர் 19 பேர். அவர்களுள் 11 பேர் சாட்சி மேடைக்கு அழைக்கப்பட்டனர். அவர்களில் ஒருவரான ஜெர்மானிய நாடக ஆசிரியர் பிரெக்ட் விடை கூறிவிட்டு நாட்டை விட்டே வெளியேறினார். எஞ்சிய பதின்மரே ஹாலிவுட் பதின்மர் எனப் பெயர் பெற்றனர்.

அக்டோபர் 28ஆம் நாள் ட்ரம்போ குழுவின் முன் நின்றார். தாம் எழுதிக் கொண்டுவந்த அறிக்கையைப் படிக்க அவருக்கு இசைவு கிடைக்கவில்லை. திரைக்கதை எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினரா, கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினரா என்னும் இரு வினாக்கள் அவரிடம் தொடுக்கப்பட்டன. ஆம், இல்லை என்று மட்டும் விடை கூற அவர் இணங்கவில்லை.

இங்கு ஒரு சட்ட நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். தமக்கு எதிராகத் தாமே சாட்சி கூறக் கட்டாயமில்லை என்று அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம் கூறுகிறது. அதனை அவர்கள் பற்றியிருந்தால் தண்டனையிலிருந்து தப்பியிருக்கக் கூடும். ஆனால் அவ்வாறு செய்வது தம் கொள்கையே குற்றம் என ஒப்புவது போலாகும் என்று கருதினர். பேச்சுரிமையைக் காக்கும் முதல் திருத்தத்தையே தங்கள் அரணாகக் கொண்டனர். மேலும், உறுப்பினர் என்று ஒப்புக்கொண்டால் அடுத்த வினா உடனிருந்தவர்கள் யார் யார் என்பதாகவே இருக்கும். 1951இல் மீண்டும் தொடங்கிய விசாரணைகளில் அவ்வாறே நிகழ்ந்தது. நண்பரின் பெயரைச் சொன்னவருக்கு வேலை கிடைத்தது. சொல்லாதவருக்கு வாசல் அடைபட்டது.

தண்டனை

1857ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குழுவின் கேள்விக்கு விடை கூற மறுப்பவருக்கு ஒரு மாதம் முதல் 12 மாதம் வரை சிறையும், 100 முதல் 1000 டாலர் வரை அபராதமும் உண்டு. குழு சபைக்கு அறிக்கை தரும், சபை வாக்களிக்கும், பின்னர் வழக்கு நீதிமன்றம் செல்லும். 1947 நவம்பர் 24ஆம் நாள் ட்ரம்போவுக்கு எதிரான தீர்மானம் சபையில் பெரும்பான்மை வாக்குகளால் நிறைவேறியது. அதே நாட்களில் படநிறுவன அதிபர்கள் நியூயார்க்கில் வால்டார்ஃப் விடுதியில் கூடி, அப்பதின்மருக்கும் இனி வேலை இல்லை என முடிவு செய்தனர். நீதிமன்றத் தீர்ப்புக்கு முன்பே தொழில் உலகம் தீர்ப்பு வழங்கிவிட்டது! கறுப்புப் பட்டியல் எனப்படும் கொடுமை இவ்வாறு தொடங்கியது.

ட்ரம்போவுக்கு ஓராண்டுச் சிறையும் 1000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் முறையீட்டை ஏற்க மறுத்தது. 1950 ஜூனில் கெண்டக்கி மாநிலத்து ஆஷ்லாண்ட் சிறைக்குச் சென்ற அவர் ஏறத்தாழ பத்து மாதங்கள் அங்கிருந்தார். காலத்தின் விந்தை என்னவெனில், விசாரித்த தாமஸும் சிறை புகுந்தார். அலுவலகத்தில் பணிபுரியாதவர்களைப் பணியாளர்களாகக் காட்டி அவர்கள் ஊதியத்தைத் தாம் பெற்ற குற்றத்திற்காக அவர் டான்பரி சிறையில் அடைக்கப்பட்டார். பதின்மருள் இருவர் அப்போது அதே சிறையில் இருந்தனர்.

பெயரற்ற ஆண்டுகள்

விடுதலைக்குப் பின் ட்ரம்போ மனைவி கிளியோவோடும் மூன்று குழந்தைகளோடும் மெக்சிகோ சென்று சில ஆண்டுகள் வாழ்ந்தார். புனைபெயர்களிலும் பிறர் பெயர்களிலும் குறைந்த ஊதியத்திற்குத் திரைக்கதைகள் எழுதிக் குவித்தார். ரோமன் ஹாலிடே கதைக்காக ஆஸ்கார் விருது கிடைத்தது. மேடையில் ஒலித்த பெயரோ, தம் பெயரை இரவல் தந்த நண்பர் இயான் ஹன்டருடையது. 1957இல் தி பிரேவ் ஒன் படக் கதைக்காக ராபர்ட் ரிச் என்பவருக்கு ஆஸ்கார் அறிவிக்கப்பட்டது. அப்பெயருக்குரியவர் வரவேயில்லை. அவர் ட்ரம்போவே என்பது பின்னர் வெளிப்பட்டது. தாம் பெற்ற பிள்ளையைப் பிறர் மடியில் கண்டு மகிழும் தாயின் நிலையே அவர் நிலை எனலாம்.

1960இல் இருள் விலகியது. எக்ஸோடஸ் படத்தின் எழுத்தாளர் ட்ரம்போ என இயக்குநர் ஆட்டோ பிரெமிஞ்சர் வெளிப்படையாக அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த ஸ்பார்ட்டகஸ் படத்திலும், கிர்க் டக்ளஸின் துணையால், அவருடைய சொந்தப் பெயர் திரையில் தோன்றியது. 1975இல் தி பிரேவ் ஒன் படத்திற்கான ஆஸ்கார் சிலை அவர் கைக்கு வந்தது. 1976 செப்டம்பர் 10ஆம் நாள் அவர் மறைந்தார். ரோமன் ஹாலிடே விருது 1993இல்தான் அவர் மனைவியிடம் வழங்கப்பட்டது. அப்படத்தின் திரைக்கதைக்கு அவர் பெயரைச் சேர்க்க எழுத்தாளர் சங்கம் முடிவு செய்தது 2011இல்தான். பறிப்பதற்கு ஒரு நாள் போதுமாயிருந்தது; திருப்பித் தர அறுபது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டன.

குறையும் நிறையும்

ட்ரம்போவைக் குறையே அற்றவராகக் காட்டுவது வரலாற்றுக்கு நீதியாகாது. இரண்டாம் உலகப்போரின்போது, தம் போர் எதிர்ப்பு நாவலைப் போற்றி ஜெர்மனியுடன் சமாதானம் வேண்டியவர்கள் எழுதிய கடிதங்களைப் பற்றி அவரே கூட்டரசுப் புலனாய்வுத் துறைக்குத் தெரிவித்தார். வந்த அதிகாரிகளோ அக்கடிதக்காரர்களை விட ட்ரம்போவின் கருத்துகளை அறியவே ஆர்வம் காட்டினர். தம் செயலின் அறியாமையை அவரே அந்நாவலின் பிற்காலப் பதிப்பு முன்னுரையில் மறைக்காமல் எழுதினார். பிறர் கருத்தை அதிகாரத்திடம் ஒப்படைப்பது யாது என்பதை அவர் தம் தவற்றால் கற்றார். 1947இல் அவர் காத்த மௌனத்திற்கு அப்பாடமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நாம் எண்ணுகிறோம்.

1970இல் எழுத்தாளர் சங்க விருதை ஏற்றுப் பேசியபோது, அவ்விருண்ட காலத்தில் வீரரையும் வில்லரையும் தேடுவதில் பயனில்லை. எல்லோரும் பலியானவர்களே என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். உடன் சிறை சென்ற ஆல்பர்ட் மால்ட்ஸ் இதனை ஏற்கவில்லை. காட்டிக் கொடுத்தவரையும் காட்டிக் கொடுக்கப்பட்டவரையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது என்பது அவர் வாதம். இவ்விரண்டில் எது சரி என்பதை மாணவர்களே சிந்திக்கட்டும்.

அவையின் அதிகாரம் அழிய வேண்டும் என்பது இவ்வரலாற்றின் பாடமன்று. ஊழலையும் முறைகேட்டையும் வெளிக்கொணர அழைப்பாணை தேவை. ஆனால் அதற்கு எல்லை வேண்டும். 1957இல் வாட்கின்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்வெல்லையை ஓரளவு வரைந்தது. வெளிப்படுத்துவதற்காகவே ஒருவரை வெளிப்படுத்தும் அதிகாரம் காங்கிரசுக்கு இல்லை என்றும், கேள்வி விசாரணைப் பொருளோடு எங்ஙனம் தொடர்புடையது என்பதைச் சாட்சி அறிந்திருக்க வேண்டும் என்றும் அது தீர்ப்பளித்தது. இரண்டே ஆண்டுகளில் பேரன்பிளாட் வழக்கில் அதே நீதிமன்றம் ஒரு வாக்கு வேறுபாட்டில் குழுவின் பக்கம் சாய்ந்ததையும் நாம் மறக்கலாகாது. உரிமை ஒருமுறை வென்றால் என்றென்றும் நிலைத்துவிடும் என்பதில்லை. அக்குழுவே 1975இல்தான் கலைக்கப்பட்டது.

கேட்கும் அதிகாரம் உடையவர் எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். விடை கூறும் நிலையில் இருப்பவர் தம் சொல்லால் எவர் வாழ்வு சிதையும் என்பதை எண்ண வேண்டும். ட்ரம்போவின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே. எழுதுகோல் ஏந்தும் மாணவர்கள் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக.