கயத்தாறு விசாரணை உணர்த்தும் நீதி

குருவிகுளத்தின் கரிசல் வெளியிலிருந்து தென்கிழக்கே சென்றால் கயத்தாறு. 1799 அக்டோபரில் அங்கே தூக்கிலிடப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மனின் வீரத்தை அறியாத தமிழர் இலர். ஆனால், அவர் எதிர்கொண்ட விசாரணை எத்தகையது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை.

1760-இல் பிறந்த கட்டபொம்மன், 1790-இல் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்தின் பொறுப்பை ஏற்றார். கிஸ்தி பாக்கி குறித்து, 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் ஆட்சியர் ஜாக்சனைச் சந்தித்தார். சந்திப்பு மோதலில் முடிந்தது. லெப்டினென்ட் கிளார்க் உயிரிழந்தார். சென்னை அரசு விசாரணைக் குழு அமைத்தது. அதன்முன் தம் தரப்பை எடுத்துரைத்த கட்டபொம்மன் பழியிலிருந்து விடுபட்டார். ஜாக்சன் பதவி இழந்தார்.

ஓராண்டுக்குள் காட்சி மாறியது. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். தப்பிச் சென்ற கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு, கயத்தாறுக்குக் கொண்டுவரப்பட்டார். பாளையக்காரர்கள் பார்வையாளர்களாகக் கூட்டப்பட்டனர். படை நடத்தி வந்தவரே விசாரித்தார். அவரே மரண தண்டனையும் விதித்தார். கட்டபொம்மன் எதையும் மறுக்கவில்லை. கோட்டையைக் காத்து மடியாமல் போனதே அவருடைய வருத்தமாக இருந்தது. அவரது துணிவை அவருக்கு எதிரான சான்றாகக் கொள்வது விசாரித்தவருக்கு எளிதாயிற்று.

ஒரே மனிதர், இரு விசாரணைகள். முன்னதில் அவர் சொல் அவரைக் காத்தது. பின்னதில் அதுவே அவரைத் தூக்குமரத்துக்கு அனுப்பியது. விசாரிப்பவர் யார் என்பதே வேறுபாடு.

குற்றம் சாட்டப்பட்டவரைத் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது நம் அரசமைப்புச் சட்டத்தின் 20(3) பிரிவு. படையினரின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் வரையறுக்க 33-ஆவது பிரிவு இடமளிக்கிறது. எனினும், 1954-ஆம் ஆண்டின் ராணுவ விதிகள் இக்காப்பைக் கைவிடவில்லை. சாட்சியங்களைப் பதிவு செய்யும்போது, பேச வேண்டிய கட்டாயம் இல்லை என்று குற்றம் சாட்டப்பட்ட வீரரிடம் எச்சரித்துச் சொல்லியாக வேண்டும். மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படியவே பழக்கப்பட்டவருக்கு அவருடைய கேள்வியும் கட்டளையாகவே ஒலிக்கும். அதனால்தான் இந்த எச்சரிக்கை பாசறையில் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அப்படியோர் உரிமை இருந்திருந்தாலும் கட்டபொம்மன் மௌனம் காத்திருக்க மாட்டார் எனலாம். உண்மைதான். ஆனால், சட்டம் மாவீரர்களுக்காக மட்டும் எழுதப்படுவதில்லை. அஞ்சி நிற்கும் எளிய சிப்பாய்க்காகவும் எழுதப்படுகிறது. கயத்தாறு நினைவிடத்தில் தலைவணங்குவோர் இதையும் நினைவில் கொள்வது நன்று.