எண்ணிக்கையில் மனிதரைக் கண்டவர்: சேர் பொன்னம்பலம் அருணாசலம்



சேர் பொன்னம்பலம் அருணாசலம் என்றதும் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் என்ற பாடப்புத்தக வரிதான் உங்களிற் பலருக்கு ஞாபகத்துக்கு வரும். பரீட்சைக்காக மனனஞ் செய்த வரி அது. உண்மையில் அந்தத் தலைமைப் பதவியில் அவர் இருந்த காலம் மிகக் குறுகியது. அதனால் அவருக்கு மிஞ்சியது மனக்கசப்பே. பதுளையிலும் பசறையிலும் அப்புத்தளையிலும் தோட்டங்களை நம்பி வாழும் நமக்கு அவர் வேறொரு காரணத்தால் வேண்டியவர். இந்நாட்டில் பிறப்பவரையும் இறப்பவரையும் ஒழுங்காக எண்ணி எழுதிவைக்க வேண்டும் என்று பாடுபட்டவர் அவர். பின்னாளில் தோட்டத் தொழிலாளிக்காக அரசாங்கத்தோடு வழக்காடியவரும் அவரே. இவ்விரண்டு வேலைகளுக்கும் இடையிலுள்ள தொடர்பைத்தான் இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறோம்.

1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி கொழும்பில், செல்வமும் செல்வாக்கும் உள்ள தமிழ்க் குடும்பத்தில் அருணாசலம் பிறந்தார். சேர் முத்துக்குமாரசுவாமி அவருக்குத் தாய்மாமன். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அண்ணன். பின்னர் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமியில் படித்து, புலமைப் பரிசில் பெற்று, கேம்பிறிட்ஜிலே கிறைஸ்ற் கல்லூரியிற் சேர்ந்தார். 1875இல் போட்டிப் பரீட்சை எழுதி இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவான முதல் இலங்கையர் அவரே. வெள்ளைக்காரருக்கென்றே வேலி போட்டு வைத்திருந்த தோட்டத்துக்குள் வாசல் வழியாக நுழைந்தவர் எனலாம். நீதவானாகவும் நீதிபதியாகவும் பல ஊர்களில் கடமையாற்றியபின், 1880களின் பிற்பகுதியில், தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அவரைப் பதிவாளர் நாயகமாக நியமித்தார். சேவையில் மூத்தவர்கள் பலரைத் தாண்டி வந்த நியமனம் அது. அவர்களுள் பலர் முகஞ் சுளித்தனர்.

பதிவாளர் கந்தோர் என்றால் என்ன பெரிய காரியம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். காணி உறுதிகளும் பிறப்பு, இறப்பு, விவாகப் பத்திரங்களும் தூசி படிந்து கிடக்கும் இடந்தானே! ஆனால் அந்தத் தூசிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். 1662இல் இலண்டனிலே ஜோன் கிறோண்ட் என்ற ஒரு சாதாரண வியாபாரி, பங்குக் கோவில்கள் வாராவாரம் வெளியிட்ட மரணப் பட்டியல்களை அடுக்கிவைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் சற்றுக் கூடுதலாகப் பிறக்கின்றன என்பதும், எந்த நோய் எத்தனை உயிரைக் கொள்கிறது என்பதும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தன. ஏறக்குறைய 180 ஆண்டுகளின்பின் வில்லியம் பார் என்ற வைத்தியர் இங்கிலாந்தின் பதிவாளர் கந்தோரில் அமர்ந்து, மரணக் காரணங்களை வகைப்படுத்தும் முறையை வகுத்தார். ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்தார். அருணாசலம் கொழும்பிலே கையிலெடுத்தது இதே நூலின் இன்னொரு முனையைத்தான்.

இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867இலிருந்து சட்டமாயிருந்தது. அதற்கு முன்னர் ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளும் நமது கோவில்களின் ஞானஸ்நானப் புத்தகங்களுந்தான் சாட்சி. (இன்றும் தாத்தாவின் பிறந்த திகதி தேடிப் பங்குமனைக் கதவைத் தட்டுவோர் உண்டு. கறையான் அரித்த ஏட்டில் அந்த ஒரு வரி கிடைத்துவிட்டால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.) சட்டம் இருந்தும் பதிவு ஒழுங்காக நடக்கவில்லை. அருணாசலம் பதிவு முறைகளைத் திருத்தினார். காணிப் பதிவுகளை ஒழுங்குபடுத்தினார். ஆண்டுதோறும் வெளிவந்த தமது அறிக்கைகளில், எத்தனை பேர் இறந்தார்கள் என்பதோடு நில்லாமல் ஏன் இறந்தார்கள் என்பதையும் ஆராய முற்பட்டார்.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பொறுமையோடு கேளுங்கள். ஒரு தோட்டத்தில் ஓர் ஆண்டில் இருபது பேர் இறந்தனர் என்றால் அது அதிகமா, குறைவா? இருக்கிறவர்கள் இருநூறு பேரா, இரண்டாயிரம் பேரா என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. இறந்தோர் தொகை பதிவேட்டிலிருந்து வரவேண்டும். இருப்போர் தொகை குடிசன மதிப்பிலிருந்து வரவேண்டும். ஒன்று பிழைத்தால் மற்றதும் பிரயோசனமில்லை. தோட்டங்களைப் பொறுத்தவரை இரண்டுமே சிக்கலானவை. ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தனர். பிறப்பையும் இறப்பையும் அறிவிக்கும் பொறுப்பு தோட்டத்துரையிடம் விடப்பட்டிருந்தது. வழிநடையில் விழுந்து மடிந்தவர் எந்தத் தோட்டத்துப் பேரேட்டிலும் ஏறவில்லை. இன்னொன்றும் உண்டு. தோட்டத்துக்கு வந்தவர்களிற் பெரும்பாலோர் திடகாத்திரமான வயதினர். முதியோர் நிறைந்த ஒரு கிராமத்தோடு அவர்களை ஒப்பிட்டு, இரண்டு இடத்திலும் மரணம் ஒரே அளவுதான் என்று எவராவது சொன்னால், தோட்டத்தில் ஏதோ பெரிய தீங்கு ஒளிந்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தும் பொறுப்பும் அருணாசலத்திடமே வந்தது. 1871இல் தொடங்கிப் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்துவந்த கணக்கெடுப்பின் நாலாவது சுற்று அது. மார்ச் முதலாந் திகதி எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 35 இலட்சத்து 66 ஆயிரம் பேர். அவர்களுள் நாலு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தோட்டங்களில் இருந்தனர். நம் ஊவாவுக்கு அவ்வாண்டு வேறொரு விசேடமும் இருந்தது. தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போயர் கைதிகள் ஆயிரக்கணக்கில் அப்போது தியத்தலாவை முகாமில் இருந்தார்கள். அவர்களும் எண்ணப்பட்டு, ஊர்ச் சனத்தொகையோடு கலக்காமல் புறம்பாக வைக்கப்பட்டனர்.

வெறும் தொகைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டு அருணாசலம் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. இந்நாட்டின் வரலாறு, இனங்கள், மொழிகள், சமயங்கள் யாவற்றையும் அந்த அறிக்கையின் முதற் பாகத்தில் விரித்தெழுதினார். சைவப் பற்று மிக்கவர், திருவாசகப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். எனினும் எழுதும்போது பிறர் சமயங்களையும் படித்தறிந்தே எழுதினார். பத்தாண்டுகளின்பின் வந்த டென்ஹாமும் இருபதாண்டுகளின்பின் வந்த டேர்னரும் அவர் போட்ட அத்திவாரத்தின்மேலேதான் கட்டினார்கள். ஆனால் அத்திவாரம் ஒன்றாயிருந்தாலும் கட்டடத்தின் அறைகள் மாறின. அதைப் பின்னர் சொல்வோம்.

1912இல் அவர் தேசாதிபதியின் நிருவாக சபையில் இடம்பெற்றார். அடுத்த ஆண்டு ஓய்வுபெற்றார். 1914இல் சேர் பட்டம் வந்தது. மற்றவர்களாயிருந்தால் பென்சனை எடுத்துக்கொண்டு கறுவாத்தோட்டத்து வீட்டில் சாய்மனைக் கதிரையிலே காலத்தைப் போக்கியிருப்பார்கள். அருணாசலத்தின் வாழ்வில் சூடு பிடித்தது அதன் பின்னரே. 1915இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தைத் தொடங்கி ஏழைகளின் நலனைக் கவனிக்கலானார். 1919 ஜூன் மாதத்தில் இலங்கைத் தொழிலாளர் சேமநலச் சங்கம் உருவாயிற்று. அவருக்குத் துணை நின்றவர் பெரி சுந்தரம். தோட்டத்திலே பிறந்து, கேம்பிறிட்ஜ் வரை சென்று படித்துத் திரும்பிய அந்த இளைஞரே 1931இல் இந்நாட்டின் முதல் தொழில் மந்திரியானார்.

அவர்கள் எதிர்த்தது என்ன? இளம் வாசகர்களுக்காகச் சற்று விளக்குகிறோம். 1865ஆம் ஆண்டின் சட்டப்படி, தோட்டத்தை விட்டுச் சொல்லாமற் போகும் தொழிலாளி குற்றவாளி. நீதவான் அவரை மூன்று மாதம்வரை சிறைக்கு அனுப்பலாம். கொடுத்த வாக்கைக் காக்கத் தவறிய வியாபாரிமீது சிவில் வழக்கு மட்டுமே போடலாம். வேலையை விட்ட தொழிலாளிக்கோ விலங்கு! பெண்களும் சிறுவயதினருங்கூட இப்படி மறியலுக்குப் போனார்கள். இதன்மேல் துண்டு முறை என்றொன்று. இன்ன தொகையைக் கட்டினால் இந்தக் கங்காணியின் ஆட்களை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் கடதாசித் துண்டு அது. கங்காணி அதை இன்னொரு துரையிடம் காட்டி, அதிலும் கூடிய தொகை வாங்கி ஆட்களைக் கொண்டுபோவான். கடன் மட்டும் தொழிலாளியின் தலையில் ஏறிக்கொண்டே போகும். ஆளை விற்றார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை, நடந்தது அதுதான்.

ஒரு காலத்தில் தாமே நீதவானாக இருந்த அருணாசலத்துக்கு இச்சட்டம் எப்படி வேலை செய்யும் என்பது எவரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நடந்த வழக்குகளை எடுத்துக்காட்டி அரசாங்கத்துக்கு எழுதினார்; கூட்டங்களிற் பேசினார். 1917இல் சென்னை அரசாங்கத்தின் சார்பில் மார்ஜோரிபாங்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவரும் இலங்கையிலும் மலாயாவிலும் உள்ள இந்தியத் தொழிலாளர் நிலைபற்றி அறிக்கை வெளியிட்டிருந்தார்கள். அதனாலும் கிளர்ச்சிக்கு வலுக் கூடிற்று. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தொழிலாளியைச் சிறையிலிடும் விதிகளும் அதையொட்டி நீங்கின. இது அருணாசலம் ஒருவரின் தனி வெற்றி என்று சொல்வது சரியாகாது. இந்தியாவில் எழுந்த எதிர்ப்பும், ஆள் வராமற் போய்விடுமோ என்ற துரைமாரின் பயமும் அதற்குத் துணை நின்றன.

அரசியலைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. 1919 டிசெம்பரில் தேசிய காங்கிரஸ் பிறந்தபோது அவர் முதல் தலைவர். பிரதிநிதித்துவம்பற்றிய வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை என்று மனம் நொந்து 1921இல் விலகினார். தமிழ் மக்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டார். தென்னிந்தியக் கோவில்களுக்கு யாத்திரை போன இடத்தில், 1924ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி மதுரையில் உயிர் நீத்தார். புகையிரதம் பதுளை வரை வந்து சேர்ந்ததும் அந்த ஆண்டிலேதான்.

அவர் தொடக்கிய வேலையைப் பிறர் தொடர்ந்ததற்கு ஓர் உதாரணம் சொல்வோம். பழைய மரணப் பதிவுகளிலே சோகை, வீக்கம், இளைப்பு, வயிற்றோட்டம் என்று எழுதப்பட்டிருந்தவற்றுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது எது? 1838இல் மிலான் நகரிலே துபினி என்ற வைத்தியர் ஒரு பெண்ணின் சடலத்தை ஆராயும்போது குடலிற் கொளுக்கிப் புழுவைக் கண்டார். அது மனிதனை என்ன செய்யும் என்பது 1880இல், அல்ப்ஸ் மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டிய தொழிலாளர் இரத்தஞ் சுண்டி வெளுத்துச் செத்தபோதுதான் துலங்கிற்று. அது தோலைத் துளைத்து உள்ளே போகிறது என்பதை, தம் கையிலே தற்செயலாகத் துளி சிந்தியதால், 1898இல் கெய்ரோவில் லூஸ் கண்டறிந்தார். இம்மூன்றும் தெரிந்திருந்தபடியால் 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்து சோதித்தபோது எதைத் தேடுவதென்று அறிந்திருந்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்தப் புழு இருந்தது. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது, சில மாதங்களில் திரும்பவும் ஏறிற்று. லயத்துக்கு மலகூடம் கட்டச் செலவழிக்கத் துரைமார் பலர் முன்வராததே காரணம்.

கணக்கு எழுதுவது வேறு, காசு எடுப்பது வேறு. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்துக்கு முன்னர் தொழிலாளியின் அரிசிக்கும் துணிக்கும் என்ன செலவாகிறது என்ற விசாரணை வேண்டியிருந்தது. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது, பதிவில் பெயர் இல்லாதவன் தான் இங்கே பிறந்தவன் என்று நிரூபிக்க வழியின்றி நின்றான். அந்தக் காயம் முற்றாகச் சட்டத்தால் ஆற்றப்பட 2003 வரை செல்லவேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வு, தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் என்று கண்டது. நாடு முழுவதற்கும் அது 17. தோட்டத்தைத் தனியாகப் பிரித்து எண்ணும் பழைய வழக்கம் இல்லாவிட்டால், அந்த 32 அந்த 17க்குள் கரைந்துபோயிருக்கும்.

அறைகள் மாறின என்றோமே, அது இதுதான். 1901இல் அருணாசலத்தின் ஏட்டில் தமிழர் யாவரும் ஒரே தலைப்பின்கீழ், ஒன்பதரை இலட்சம் பேராக நின்றார்கள். 1911இல் டென்ஹாம் அவர்களை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று முதன்முதலாகப் பிரித்து எழுதினார். இரு பகுதியாரும் அப்போது ஏறக்குறையச் சமமாக, ஐந்தேகால் இலட்சத்துக்குச் சற்று மேலே இருந்தனர். 2012இல் இந்தியத் தமிழர் என்ற தலைப்பின்கீழ் வந்தவர்கள் நூற்றுக்கு 4.1. மலையகத் தமிழர் என்ற பெயரையும் சேர்த்துக் கேட்ட 2024ஆம் ஆண்டுக் கணக்கில் அது 2.8. அத்தனை பேர் நாட்டை விட்டுப் போய்விடவில்லை. கேள்விக்குச் சொன்ன பதிலே மாறியிருக்கிறது என்பது எம் எண்ணம். பதுளை மாவட்டத்தில் எந்தத் தோட்டத்தில், எந்தக் காரணத்தால் அது மாறிற்று என்று லயம் லயமாகப் போய்க் கேட்டு எழுதும் வேலை நம் பிள்ளைகளிற் படித்தவர்களுக்காகக் காத்திருக்கிறது.