இன்சூரன்ஸ் அட்டை இல்லாத காலத்திலேயே இலவச ஆபரேஷன்: மதுரை டாக்டர் வெங்கடசாமி போட்ட கணக்கு என்ன?

வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும், நம்ம ஊரில் அடுத்து வரும் கேள்வி காப்பீட்டு அட்டை இருக்கா என்பதுதான். அட்டை இருந்தாலும் விடாது. இந்த நோய் அதில் வருமா, இந்த ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இருக்கா, மீதிப் பணத்தை யார் கட்டுறது என்று கேள்விகள் நீண்டுகொண்டே போகும்.

அரசியலிலும் இதே பேச்சுதான். 2009-ல் கருணாநிதி ஆட்சியில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் ஜெயலலிதா ஆட்சியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் அதனுடன் இணைக்கப்பட்டது. ஏழைக்கும் தனியார் ஆஸ்பத்திரியின் கதவு திறந்தது என்கிறது ஒரு தரப்பு. பிரீமியமாகப் போகும் பணத்தை அரசு ஆஸ்பத்திரிகளுக்கே செலவு செய்யலாமே என்கிறது இன்னொரு தரப்பு.

இரண்டு தரப்புமே பேசுவது பில்லை யார் கட்டுவது என்பதைப் பற்றி. அந்த பில் ஏன் அவ்வளவு பெரிதாக வருகிறது என்ற கேள்வியைக் கையில் எடுத்தவர், மதுரையில் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கண் டாக்டர். அவர்தான் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி.வெங்கடசாமி. உலகம் முழுக்க டாக்டர் வி என்று அறியப்பட்டவர்.

யார் இந்த டாக்டர் வி?

1918 அக்டோபர் 1-ம் தேதி, எட்டயபுரம் பக்கத்தில் உள்ள அயன் வடமலாபுரம் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். கரிசல் மண், மானாவாரி வெள்ளாமை, பக்கத்தில் டாக்டர் கிடையாது என்று இருந்த காலம் அது.

சின்ன வயதிலேயே உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் பிரசவச் சிக்கலில் இறந்துபோனதைப் பார்த்தார். டாக்டர் ஆக வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் விழுந்தது. முதலில் அவர் நினைத்தது கண் மருத்துவம் இல்லை, மகப்பேறு மருத்துவம்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

அங்கே உடம்பு கைவிட்டது. கடுமையான முடக்குவாதம். 1948-ல் ராணுவத்திலிருந்து திரும்ப வேண்டியதாகிவிட்டது. நீண்ட நாள் படுக்கையிலேயே கிடந்தார். கை விரல்கள் நிரந்தரமாகக் கோணிவிட்டன. பிரசவம் பார்க்கும் டாக்டர் ஆகும் கனவு அதோடு முடிந்தது.

அவர் விடவில்லை. கண் மருத்துவத்துக்கு மாறினார். 1951-ல் மேற்படிப்பை முடித்தார். தன் விரல்களுக்குத் தோதான கருவிகளை வடிவமைத்து, அந்தக் கோணல் விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். வாழ்நாளில் அவர் கையால் செய்த கண் ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

எர்ஸ்கின் ஆஸ்பத்திரி 20 வருடம்

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். கல்லூரியோடு சேர்ந்த எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில்தான் வேலை. இன்று நாம் ராஜாஜி மருத்துவமனை, பேச்சுவழக்கில் பெரியாஸ்பத்திரி என்று சொல்வது அதைத்தான்.

அங்கே வந்தவர்களைவிட வராதவர்கள்தான் அவரை அதிகம் உறுத்தினார்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் வயதானவர்களுக்குக் கண்புரை வந்து பார்வை போனால், வயசானா கண்ணு போகத்தான் செய்யும் என்று திண்ணையில் உட்கார வைத்துவிடுவார்கள். சின்ன ஆபரேஷனில் திரும்பக் கிடைக்கும் பார்வை அது.

அதனால் ஆஸ்பத்திரியையே கிராமத்துக்குக் கொண்டுபோனார். 1960-களில் அவர் நடத்திய கண் சிகிச்சை முகாம்கள் தென் மாவட்டங்களில் பிரபலம். 1973-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

58 வயதில் 11 படுக்கை

1976-ல் ஓய்வு. அதே ஆண்டில்தான் மத்திய அரசு தேசிய பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ இருந்தது. விவசாயக் கூலிக்கு எதுவும் இல்லை. இன்று நாம் அறிந்த மெடிக்ளெய்ம் பாலிசி இந்தியாவுக்கு வந்ததே 1986-ல்தான்.

அந்த நிலையில் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் மனதில் குருவாக வைத்திருந்த ஸ்ரீ அரவிந்தரின் பெயர் அது. திருமணம் செய்துகொள்ளாத டாக்டர் விக்குத் தம்பி, தங்கைகள் குடும்பம்தான் துணை. தங்கை டாக்டர் நாச்சியார், மைத்துனர் டாக்டர் நம்பெருமாள்சாமி ஆகியோர் கண் ஆபரேஷன் செய்தார்கள். தம்பி சீனிவாசன் கட்டடத்தையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார்.

வங்கிக் கடன் கிடைக்கவில்லை. வீட்டை அடமானம் வைத்தார்கள், நகைகளும் அடகுக்குப் போயின. அண்ணா நகரில் முதலில் தரைத்தளம் மட்டும் கட்டி, அதில் வந்த வருமானத்தை வைத்து அடுத்த மாடியைக் கட்டினார்கள். ஊரில் நாம் வீடு கட்டுகிற மாதிரியேதான். 1981-ல் 250 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாக அது வளர்ந்தது.

சரி, இலவசமா செஞ்சா பணம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கதையின் முக்கியமான பகுதி இதுதான். அவர் போட்ட கணக்கை நாலு பகுதியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, டாக்டரின் நேரம். கண்புரை ஆபரேஷனுக்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான். நோயாளியைத் தயார் செய்வது, மருந்து போடுவது, கட்டுப் போடுவது என்று மற்ற வேலைகளுக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். அந்த வேலைகளுக்குக் கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு டாக்டருக்கு இரண்டு டேபிள். ஒன்றில் ஆபரேஷன் முடியும்போது பக்கத்து டேபிளில் அடுத்தவர் தயாராக இருப்பார். இதனால் அரவிந்த் டாக்டர் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 2,000 ஆபரேஷன் செய்ய முடிந்தது. நாட்டின் சராசரியைப் போல இது பல மடங்கு.

அமெரிக்கா போனபோது அவரை அசத்தியது மெக்டொனால்ட்ஸ் கடை. எந்த ஊர்க் கடையில் வாங்கினாலும் ஒரே தரம், ஒரே முறை, கட்டுப்படியாகும் விலை. அதே ஒழுங்கை ஆபரேஷன் தியேட்டரில் கொண்டுவர முடியும் என்று நம்பினார். கேட்டவர்கள் பலர் சிரித்தார்கள். பின்னாளில் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் அரவிந்தைப் பாடமாக வைத்தது.

இரண்டாவது, யார் கட்டணம் கட்டுவது என்பதை நோயாளியே முடிவு செய்யலாம். கட்டணப் பிரிவுக்குப் போவதா இலவசப் பிரிவுக்குப் போவதா என்பது அவர் விருப்பம். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. கட்டணம் கட்டினால் தனி அறை, ஏசி போன்ற வசதிகள் உண்டு. இலவசம் என்றால் பாய்தான். ஆனால் டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை பார்ப்பார்கள். கட்டணம் கட்டியவர்களிடமிருந்து வரும் மீதியில் மற்றவர்களுக்கு இலவசமாக நடந்தது. இப்படிப் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை கிடைத்தது.

மூன்றாவது, லென்ஸ். கண்புரையை எடுத்த பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடமாடிய தாத்தா, பாட்டிகளைப் பலர் பார்த்திருப்போம். கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்தால் அந்தக் கண்ணாடி தேவையில்லை. ஆனால் வெளிநாட்டு லென்ஸின் விலை அப்போது நூறு டாலர் அளவில் இருந்தது. ஏழைக்குக் கண்ணாடி, வசதியானவருக்கு லென்ஸ் என்ற பாகுபாடு வேண்டாம் என்று 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் தொழிற்கூடத்தைத் தொடங்கினார்கள். பத்து டாலர் அளவுக்கு லென்ஸ் கொடுத்தார்கள், பிறகு அது இன்னும் குறைந்தது. இன்று அந்த லென்ஸ் நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

நாலாவது, பஸ் செலவு. ஆபரேஷன் இலவசம் என்று அறிவித்த பிறகும் முகாமில் பரிசோதித்து வரச் சொன்னவர்களில் பலர் வரவே இல்லை. ஏன் என்று விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. மதுரை வந்துபோக பஸ் காசு, தங்கும் நாட்களுக்குச் சாப்பாடு, துணைக்கு வருபவரின் ஒரு வாரக் கூலி. ஆபரேஷன் இலவசம்தான், ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அது இலவசமாக இல்லை.

அதனால் முகாமிலிருந்தே பஸ்ஸில் மொத்தமாக அழைத்து வந்து, சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து வந்ததால் பயமும் குறைந்தது, துணைக்கு ஆள் தேடும் வேலையும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள், லயன்ஸ், ரோட்டரி போன்ற அமைப்புகள் முகாம் செலவை ஏற்றன.

எல்லாமே அவரே தனியாகவா செய்தார்?

இல்லை. அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை போன்ற அமைப்புகள் உதவின. பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ் தொண்டு நிறுவனங்கள் செய்யும் ஒவ்வொரு இலவச ஆபரேஷனுக்கும் அரசு ஒரு தொகை கொடுத்தது. அதைவிட முக்கியமாக, கல்லூரியிலும் முகாம்களிலும் அரசுச் சம்பளத்தில் இருந்த 20 ஆண்டு அனுபவம்தான் அவருக்கு முதலீடு. அரசு மருத்துவமே வேண்டாம் என்று வாதிடுவதற்கு டாக்டர் வி கதையை யாராவது எடுத்தால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம், இந்த முறை எல்லா நோய்க்கும் பொருந்தாது. கண்புரை ஆபரேஷன் சீக்கிரம் முடியும், ஒரே மாதிரி இருக்கும், பெரும்பாலும் ஒரு கண்ணுக்கு ஒரு முறை செய்தால் போதும். புற்றுநோய், டயாலிசிஸ், விபத்து அப்படி இல்லை. எப்போது வரும், எவ்வளவு செலவாகும் என்று தெரியாது. அங்கே காப்பீடோ அரசு ஆஸ்பத்திரியோ இல்லாமல் ஒரு சாதாரண குடும்பத்தால் தாங்க முடியாது. தினமும் அத்தனை ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள், பயிற்சி பெற்ற அந்தப் பெண்கள் ஆகியோரின் கடும் உழைப்பில்தான் செலவு குறைந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

கடைசிக் காலம்

வயதான பிறகும் விரல் வலியோடு ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார். 2006 ஜூலை 7-ம் தேதி மதுரையில் இறந்தபோது வயது 87. அதற்குள் தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என்று அரவிந்த் விரிந்திருந்தது. 2018-ல் அவர் நூறாவது பிறந்தநாளுக்கு கூகுள் டூடுல் வெளியிட்டது.

இன்றைய விவாதத்துக்கு இதில் என்ன இருக்கு?

இன்று முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அந்த அட்டை வாங்க ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிறது என்று சான்றிதழ் வேண்டும், ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும். அந்த வரம்பைக் கொஞ்சம் தாண்டியவர் சொந்தமாக பாலிசி எடுக்கணும். தனிநபர் பாலிசிக்கு இருந்த 18% ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருக்கிறது.

இவை எல்லாம் தேவையான ஏற்பாடுகள். ஆனால் சிகிச்சையின் விலை ஏறிக்கொண்டே போனால், அந்த ஏற்றத்தைக் காப்பீடு பிரீமியமாக நம்மிடமே திருப்பி வாங்கும். அரசு பிரீமியம் கட்டினாலும் அது வரிப்பணம்தான். அதனால் ஒரு திட்டம் எத்தனை லட்சம் தருகிறது என்று கேட்பதோடு, அந்த ஆபரேஷனுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது, அதை எப்படிக் குறைப்பது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை ஏதாவது கட்சி இலவச சிகிச்சை என்று அறிவித்தால், உசிலம்பட்டியிலிருந்து துணைக்கு ஆள் இல்லாமல் கிளம்பும் ஒரு பாட்டிக்கு அது எந்த அளவுக்கு இலவசம் என்று விசாரித்துப் பாருங்கள். டாக்டர் வி பஸ் அனுப்ப ஆரம்பித்தது இப்படி விசாரித்த பிறகுதான்.