லூயிஸ் பிரை ரிச்சர்ட்ஸன்

பௌதிக நூலார் கண்ட இயற்கை விதிகளுட் பெரும்பாலன பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளாகவே எழுதப்படுவன. வெப்பம் பரவுதலும், நீர் ஓடுதலும், காற்று இயங்குதலும் அவ்வகையினவே. இந்நாளில் நம் மாணவர் கணிப்பொறியின்முன் அமர்ந்து, மென்பொருளிற் சமன்பாட்டைத் தெரிந்தெடுத்து, இடத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, எல்லையில் நிகழ்வதையும் தொடக்க நிலையையும் குறித்து, காலத்தின் படியளவையும் கொடுத்துவிடின், விடை படமாக வந்து நிற்கின்றது. விடை பிழைபடின் மென்பொருளைக் குறைகூறுதலும் உண்டு. இவ்வேலை முழுவதையும் காகிதத்திற் செய்து பார்த்த பெரியார் ஒருவரின் சரிதையை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுந்தோம்.

ரிச்சர்ட்ஸன் 1881-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், இங்கிலாந்தின் வடபாலுள்ள நியூகாஸில் நகரில், போரை வெறுக்கும் குவேக்கர் சபையைச் சார்ந்த குடும்பத்திற் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியிற் பயின்றபின் பல தொழில்களில் அமர்ந்தார். பீட் என்னும் மக்கிய கரிநிலத்தில் நீர் வடியுமாறு கால்வாய்களை எங்ஙனம் வெட்டுவது என்ற வினா அவரிடம் வந்தது. சமன்பாடு தெரிந்ததே, ஆயினும் ஒழுங்கற்ற எல்லைக்குச் சூத்திரமாக விடை கிட்டவில்லை. ஆகவே அவர் நிலத்தைக் கட்டங்களாக்கி, வகைக்கெழுவிற்குப் பதிலாக அடுத்தடுத்த புள்ளிகளின் மதிப்பு வேறுபாட்டை வைத்தார். நுண்கணிதம் வெறும் எண்கணிதமாயிற்று. கற்கட்டு அணை ஒன்றினுள் எழும் தகைவை இம்முறையாற் காணச் சிறுவர்களையே கூலிக்கு அமர்த்தினார். புள்ளிக்கு இவ்வளவெனக் கூலி, பிழைபட்ட கணக்கிற்குக் கூலியில்லை! இம்முறையை 1910-இல் இராயல் சங்கத்திற்கு அளித்த கட்டுரையில் விளக்கினார்.

1913-இல் ஸ்காத்லாந்திலுள்ள எஸ்க்டேல்மூர் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். காற்றையும் இவ்வாறே கணக்கிட்டு நாளைய வானிலையை இன்றே அறியலாகாதோ என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. அப்பொழுது முதல் உலகப்போர் மூண்டது. ஆயுதம் ஏந்த மறுத்த அவர், பதவியை விட்டு 1916-இல் பிரான்ஸில் காயமுற்றோரை ஏற்றிச்செல்லும் வண்டிப்படையிற் சேர்ந்தார். குளிர்ந்த விடுதியில் வைக்கோற் குவியலே அவருக்கு மேசை. 1910-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் ஐரோப்பாவில் அளக்கப்பட்ட காற்றையும் அழுத்தத்தையும் தொடக்கமாகக் கொண்டு, வளிமண்டலத்தை ஐந்து அடுக்குகளாகவும் சதுரங்கப் பலகைபோற் கட்டங்களாகவும் பிரித்து, ஆறு மணி நேர மாற்றத்தை இரு நிரல்களுக்கு மட்டும் கணித்தார். அதற்கே ஏறக்குறைய ஆறு வாரம் சென்றது. 1917 ஏப்ரலில் ஷாம்பெய்ன் போரின்போது கையெழுத்துப் பிரதி காணாமற்போய், சில மாதங்களுக்குப்பின் நிலக்கரிக் குவியலின் அடியிற் கிடைத்தது.

விடை யாது? அழுத்தம் ஆறு மணியில் 145 மில்லிபார் உயருமென்று வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் அசையவேயில்லை எனலாம். வேறொருவராயின் தாள்களை அடுப்பிலிட்டிருப்பர். இவரோ 1922-இல் வெளியிட்ட நூலில் அப்பிழையை வரிசை வரிசையாக அச்சிட்டு, தொடக்கக் காற்றளவுகளே குற்றமுடையன என்று தாமே ஐயுற்றார். அவர் ஐயம் பழுதன்று. சமன்பாடுகள் செவ்வனே இருந்தன. காற்றும் அழுத்தமும் தம்முள் இசையாத தொடக்க நிலையைக் கொடுத்தமையாற் பொய்யலைகள் எழுந்து பெருகின. அயர்லாந்து அறிஞர் பீட்டர் லிஞ்ச் அதே அளவுகளை முதலிற் சமப்படுத்திவிட்டுக் கணித்தபொழுது ஏற்புடைய விடையே வந்தது.

அந்நூலில் ஒரு கனவும் உண்டு. நாடகக் கொட்டகை போன்ற பெருமண்டபத்தில் 64,000 பேர் அமர்ந்து உலக வானிலையைக் கணிக்கின்றனர். நடுமேடையிலுள்ள தலைவர், முந்துவோர்மீது செவ்வொளியும் பிந்துவோர்மீது நீலவொளியும் பாய்ச்சுகின்றார். பல கணிப்பொறிகளை ஒருங்கே இயக்குவோர் இன்றும் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இதுவே அன்றோ?

1920-இல் வானிலைத் துறை விமானப்படை அமைச்சின்கீழ்ச் சென்றமையால் அப்பதவியையும் துறந்தார். பின்னர் ஆசிரியராக வாழ்ந்து, போர்கள் மூளும் காரணங்களைக் கணிதத்தால் ஆராய்ந்தார். அந்நாள் விஞ்ஞானிகளுள் மனச்சான்றுக்காகத் தமது வாழ்வின் வேலையையே விட்டவர் வெகு சிலர்.

1950-இல் அமெரிக்காவில் எனியாக் பொறியைக்கொண்டு சார்னி முதலியோர் வானிலையைக் கணித்து, முடிவுகளை அவருக்கு அனுப்பினர். முதியவர் தம் மனைவி டாரதியை அழைத்து, முந்திய நாட் படமோ கணித்த படமோ உண்மைக்கு அணித்தென ஒப்பிடச் சொன்னார். கணித்ததே மேல், ஆயினும் சிறிதளவே என்றார் அம்மையார். அத்தீர்ப்பையும் தம் பாராட்டையும் எழுதியனுப்பிய ரிச்சர்ட்ஸன், 1953 செப்டம்பர் 30-ஆம் நாள் ஸ்காத்லாந்தில் கில்மன் என்னுமிடத்தில் உயிர் நீத்தார்.