ஊதுகுழலின் விலை
(பெஞ்சமின் பிராங்கிளின், 1706 – 1790)



அமெரிக்க நாட்டின் நூறு டொலர் தாளில் தோள்வரை நீண்ட தலைமயிரையுடைய முதியவர் ஒருவரின் உருவம் காணப்படுகின்றது. அவர் அந்நாட்டின் சனாதிபதியாக ஒருபோதும் இருந்தவரல்லர். அச்சுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கி, எழுத்தாளராகவும் விஞ்ஞானியாகவும் அரசதந்திரியாகவும் உயர்ந்த பெஞ்சமின் பிராங்கிளின் என்பவரே அவர். பணத்தாளில் இடம்பெற்ற இப்பெரியார், ஏழு வயதில் தம் கைக்காசு முழுவதையும் ஒரு விளையாட்டுப் பொருளுக்குக் கொடுத்துவிட்டு அழுதவர். அக்கதையையும் அதன்பின் அவர் வாழ்ந்த வாழ்வையும் சற்று நோக்குவோம்.

பிராங்கிளின் 1706 ஆம் ஆண்டு ஜனவரி 17 ஆம் திகதி பொஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்பவர். அவருடைய பதினேழு பிள்ளைகளுள் பிராங்கிளின் பதினைந்தாமவர். அத்தகைய வீட்டில் ஒரு சிறுவனின் கையில் காசு புரள்வது அரிது. ஒரு விடுமுறை நாளில் உறவினரும் நண்பரும் அவனது சட்டைப்பையைச் செப்புக் காசுகளால் நிரப்பினர். அவன் விளையாட்டுப் பொருட் கடையை நோக்கி ஓடினான். வழியில் வேறொரு சிறுவன் ஊதிய குழலின் ஓசை அவன் மனத்தைக் கவர்ந்தது. விலை கேட்கவுமில்லை, எண்ணிப் பார்க்கவுமில்லை. கையிலிருந்த காசு அனைத்தையும் கொடுத்து அக்குழலை வாங்கினான்.

வீடெங்கும் ஊதித் திரிந்தவனிடம் உடன்பிறந்தோர் விலையைக் கேட்டனர். பெறுமதியைப்போல் நான்கு மடங்கு கொடுத்துவிட்டான் என்று கூறி நகைத்தனர். மீதிக் காசுக்கு என்னென்ன நல்ல பொருள்கள் வாங்கியிருக்கலாம் என்பதையும் எடுத்துக் காட்டினர். சிறுவன் விம்மி அழுதான். குழல் தந்த இன்பத்திலும் அவ்வெண்ணம் தந்த துன்பமே பெரிதாயிற்று. ஆயினும் அத்துன்பம் வீண்போகவில்லை. பிற்காலத்தில் தேவையற்ற பொருளொன்றை வாங்க மனம் அவாவிய போதெல்லாம் அக்குழலே அவர் நினைவில் வந்து தடுத்தது.

பிராங்கிளின் பள்ளியில் பயின்றது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே. எண்கணிதத்தில் அவர் தேறவுமில்லை என்பதை எம் மாணவர் அறிந்து ஆறுதல் கொள்ளலாம். பின்னாளில் அதைத் தாமே கற்றுக்கொண்டார். பன்னிரண்டு வயதில் தமையனாரின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். பதினாறு வயதளவில் ஊன் உண்பதை விடுத்து, தமது உணவுக்குத் தமையனார் செலுத்தும் பணத்தில் பாதியைத் தம்மிடம் தருமாறு கேட்டார். அதிலும் பாதியை மிச்சம் பிடித்தார். ஏனையோர் உணவருந்தச் சென்ற வேளையில் பாண் துண்டும் உலர்ந்த திராட்சையும் தண்ணீருமாகப் பசியாறி, அந்நேரத்தில் படித்தார். மிஞ்சிய காசு நூல்களாயிற்று.

1723 ஆம் ஆண்டு, பதினேழு வயதில், தமையனாரோடு பிணங்கிப் பிலடெல்பியா நகருக்கு ஓடிப்போனார். அறிமுகமற்ற ஊரில் அழுக்கேறிய உடையுடன் இறங்கிய அவரிடம் ஒரு டச்சு டொலரும் ஏறத்தாழ ஒரு சிலிங் பெறுமதியான செப்புக் காசுகளுமே இருந்தன. மூன்று பென்ஸ் கொடுத்து மூன்று பெரிய பாண்கள் வாங்கினார். ஒன்றைத் தாம் உண்டு, மற்றிரண்டையும் தம்முடன் படகில் வந்த ஒரு பெண்ணுக்கும் அவள் பிள்ளைக்கும் கொடுத்தார். ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அந்த முதல் நாளை விளக்கத் தேவையில்லை.

அவரும் தவறினார். ஒருவருக்காக அறவிட்ட முப்பத்தைந்து பவுண் அளவான பணத்திலிருந்து, குடிப்பழக்கத்தில் வீழ்ந்த நண்பனுக்குக் கடன் கொடுத்தார். நண்பன் திருப்பித் தராமலே கடல்கடந்து போய்விட்டான். பிறர் பணத்தில் கைவைத்ததைத் தம் வாழ்வின் பெரும் பிழைகளுள் ஒன்றாக அவர் பின்னர் எழுதிவைத்தார். பணத்தையும் வட்டியுடன் திருப்பிச் செலுத்தினார். மனிதரை அடிமைகளாக விலைக்கு வாங்கும் கொடிய வழக்கத்திலும் அவர் பங்கு கொண்டிருந்தார். முதுமையில் அத்தவறுணர்ந்து, 1787 இல் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட சங்கத்தின் தலைவரானார்.

சொந்த அச்சுக்கூடம் நிறுவிய பின்பும் எளிய உடையே அணிந்தார். வாங்கிய கடதாசியைத் தாமே தள்ளுவண்டியில் வைத்துத் தெருவழியே தள்ளிச் சென்றார். ஆயினும் அவரைக் கஞ்சர் என எண்ணுதல் தவறு. 1731 இல் ஐம்பது பேரைச் சேர்த்து, முதலில் ஆளுக்கு நாற்பது சிலிங்கும் பின்னர் ஆண்டுதோறும் பத்துச் சிலிங்கும் செலுத்தச் செய்து நூல்நிலையம் ஒன்றைத் தொடங்கினார். தனியொருவரால் வாங்க இயலாத நூல்கள் யாவர்க்கும் கிடைத்தன. நாற்பத்திரண்டு வயதில் அவர் அச்சுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற முடிந்தது சிக்கனத்தின் பயனே. அந்த ஓய்வே மின்னலை ஆராயவும், 1776 இல் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிடவும், தேசப் பணி புரியவும் அவருக்குக் காலம் தந்தது.

1790 இல் மறைந்தபோது, பொஸ்டன், பிலடெல்பியா ஆகிய இரு நகரங்களுக்கும் தலா ஆயிரம் பவுண் விட்டுச் சென்றார். தொழில் தொடங்கும் இளைஞருக்கு அதனைக் குறைந்த வட்டிக்குக் கொடுத்து, இருநூறு ஆண்டுகள் வளர்க்கவேண்டும் என்பது அவர் விருப்பம். 1990 இல் தவணை முடிந்தபோது அது ஆறு மில்லியன் டொலருக்கு மேல் வளர்ந்திருந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். எமது வகுப்பில் ஒருநாள் சப்பாத்துகளின் விலையைக் கேட்டோம். மாணவர் பலர் சரியாகக் கூறினர். அவ்விலையை ஈட்டத் தந்தையோ தாயோ எத்தனை மணிநேரம் உழைத்தார் என்று கேட்டோம். வகுப்பு அமைதியாயிற்று.

தவறு பிள்ளைகளுடையதன்று. தாயகத்தில் நாம் கற்பித்த பிள்ளைகள் விடியற்காலையில் தந்தையோடு வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டுப் பள்ளிக்கு வந்தனர். காசு எங்கிருந்து வருகின்றது என்பதை அவர்கள் கண்ணால் கண்டனர். இங்கோ நாம் இரவுவேலைக்குப் போவதையும், பிள்ளைகள் உறங்கியபின் திரும்புவதையும் எவரும் காண்பதில்லை. இழந்தவற்றை ஈடுசெய்ய எண்ணிக் கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுக்கின்றோம். அதன் விலையை மட்டும் மறைத்துவிடுகின்றோம்.

பெற்றோர்களே, மறைக்காதீர்கள். மாதக் கணக்கைப் பிள்ளைகள் முன் எழுதுங்கள். சிறுதொகையை அவர்கள் கையில் கொடுத்துத் தாமே செலவிட விடுங்கள். தவறினால் அதிகம் நகையாதீர்கள். மீதிக் காசுக்கு என்ன வாங்கியிருக்கலாம் என்று மட்டும் உடனிருந்து கணக்கிடுங்கள். ஏழு வயதில் சில காசுகளுக்குக் கற்கும் பாடம், இருபது வயதில் கடனட்டையால் கற்கும் பாடத்தைவிட மிக மலிவானது.

மாணவச் செல்வங்களே, கடையில் கை நீட்டுமுன் ஒரு கணம் நில்லுங்கள். இதன் உண்மையான பெறுமதி என்ன? இதே பணத்துக்கு வேறு எது கிடைக்கும்? இது யாருடைய எத்தனை மணிநேர உழைப்பு? இம்மூன்றுக்கும் விடை கண்டபின்னும் அப்பொருள் வேண்டும் எனத் தோன்றினால், மகிழ்வோடு வாங்குங்கள். அந்தக் குழலோசை உங்கள் செவிக்கும் பெற்றோர் செவிக்கும் இனிமையாகவே இருக்கும்.