வெஸ்லி மிட்செல்

வெஸ்லி கிளேர் மிட்செல் (ஆகஸ்ட் 5, 1874 – அக்டோபர் 29, 1948) ஓர் அமெரிக்கப் பொருளியலாளர் ஆவார். இவர் இல்லினாய் மாநிலத்தில் பிறந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் கற்றார். வணிகச் சுழற்சிகள் பற்றிய இவரது நூல் 1913இல் வெளிவந்தது. 1920இல் தேசியப் பொருளியல் ஆய்வுக் கழகத்தை நிறுவியோருள் ஒருவரான இவர், 1945 வரை அதன் ஆய்வு இயக்குனராக இருந்தார்.

1937இல் அமெரிக்கா மீண்டும் பொருளாதார வீழ்ச்சியில் சிக்கியது. மீட்சியை முன்கூட்டியே உணர்த்தும் குறிகாட்டிகளைத் தருமாறு நிதியமைச்சர் ஹென்றி மார்கெந்தாவ் இக்கழகத்தைக் கேட்டார். மிட்செலும் ஆர்தர் பர்ன்சும் 487 மாத, காலாண்டுத் தரவுத் தொடர்களை ஆராய்ந்து, அவற்றுள் 21 தொடர்களை மிகவும் நம்பத்தக்கவையாகத் தெரிந்து 1938இல் வெளியிட்டனர். பங்கு விலை, தொழிற்சாலைகளின் வாராந்த வேலைநேரம் முதலியன அவற்றுள் அடங்கும். ஆலைகள் ஆட்களைச் சேர்ப்பதற்கு முன் இருப்பவர்களின் வேலைநேரத்தையே கூட்டும். ஆதலின் அது முந்திக் காட்டுகிறது.

கோட்பாடு இன்றி அளவிடுகின்றனர் என்று கூப்மன்ஸ் 1947இல் இவர்களைக் கடுமையாக விமர்சித்தார். அதில் உண்மை உண்டு. எனினும் இன்றைய முன்செல் குறிகாட்டிச் சுட்டெண்கள் அப்பட்டியலின் வழிவந்தவையே.