பல் இடுக்கில் பாக்டீரியாவைப் பார்த்த துணிக்கடைக்காரர்: இம்ப்ளான்ட் வைத்தவர்கள் லீவன்ஹூக்கை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

விழுந்த பல்லுக்குப் பதிலாக தாடை எலும்பில் டைட்டானியம் திருகு பதித்து, அதன்மேல் பல் பொருத்துவதுதான் இம்ப்ளான்ட். ஜவ்வாது மலை அடிவாரத்து செங்கத்தில் இருப்பவர் அதைத் திருவண்ணாமலையில் வைத்தாலும் சரி, சென்னையில் வைத்தாலும் சரி, ஒரு விஷயம் மாறாது. உலோகத்துக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றி பாக்டீரியா கூட்டமாகக் குடியேறும்.

பல்லில் ஒட்டி வாழும் அந்தக் கூட்டத்தை முதலில் பார்த்துச் சொன்னவர் டாக்டர் இல்லை, பேராசிரியரும் இல்லை. நெதர்லாந்தில் துணி விற்றவர்.

யார் இந்த லீவன்ஹூக்?

ஆன்டனி வான் லீவன்ஹூக் 1632-ல் டெல்ஃப்ட் நகரில் பிறந்தார். அப்பா கூடை முடைபவர். லீவன்ஹூக் சின்னப் பையனாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். 16 வயதில் ஆம்ஸ்டர்டாம் துணி வியாபாரியிடம் வேலை கற்கப் போனார். 1654-ல் ஊர் திரும்பி சொந்தமாகக் கடை போட்டார். பிறகு நகர நிர்வாகத்திலும் ஒரு வேலை கிடைத்தது.

அந்தக் காலத்தில் நூலின் தரம் பார்க்க, துணி வியாபாரிகள் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். இவர் தானே லென்ஸ் செய்ய ஆரம்பித்தார். கைக்கு அடக்கமான ஒற்றை லென்ஸ் கருவிதான். அதில் சிறந்தவை 200 மடங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டின. அந்த லென்ஸை எப்படிச் செய்தார் என்பதைக் கடைசி வரை யாருக்கும் முழுசாகச் சொல்லவில்லை.

மிளகுத் தண்ணீரில் கிடைத்த ஆச்சரியம்

மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று பார்க்க, அதைத் தண்ணீரில் ஊறவைத்தார். அதற்குள் நுண்ணுயிர்கள் நீந்துவதைக் கண்டு, 1676-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அங்கே பலரும் நம்பவில்லை. லத்தீன் தெரியாத கடைக்காரர் சொன்னால் யார் கேட்பார்கள்? ஆனால் 1677-ல் ராபர்ட் ஹூக் அதே சோதனையைச் செய்து உறுதிப்படுத்தினார். 1680-ல் அந்தச் சங்கமே இவரை உறுப்பினராக்கியது.

வினிகர் சோதனை

லீவன்ஹூக் தினமும் காலையில் உப்பு வைத்துப் பல் தேய்ப்பவர். அப்படியும் பல் இடுக்கில் வெள்ளையாக மாவு போல ஏதோ படிந்திருந்தது. 1683-ல் அதை மழைத்தண்ணீரில் கலந்து லென்ஸில் பார்த்தால், உள்ளே ஏகப்பட்ட உயிர்கள் துள்ளிக்கொண்டிருந்தன. வாழ்நாளில் வாயையே சுத்தம் செய்யாத ஒரு முதியவரின் பல்லிலிருந்தும் எடுத்துப் பார்த்தார். அங்கே கூட்டம் இன்னும் அதிகம்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். காரமான வினிகரால் வாயைக் கொப்பளித்தார். அப்படியும் பல் இடுக்குப் படிவில் உயிர்கள் மிச்சம் இருந்தன. அதே படிவைத் தண்ணீரில் கரைத்து, ஒரு துளி வினிகர் விட்டார். உடனே செத்தன. கொப்பளித்த வினிகர் மேலே இருந்தவற்றை மட்டும் கொன்றது, படிவுக்குள் ஊடுருவவில்லை என்று புரிந்துகொண்டார்.

இம்ப்ளான்ட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அந்தப் படிவை இன்று பயோஃபிலிம் என்கிறார்கள். பாக்டீரியாக்கள் பசை போன்ற படலத்துக்குள் ஒன்றாகச் சேர்ந்து வாழும். அதனால் மருந்து உள்ளே போவது கஷ்டம். வெறும் மவுத்வாஷ் போதாது என்று பல் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

இயற்கைப் பல்லை எலும்போடும் ஈறோடும் நார்கள் இறுக்கிப் பிடித்திருக்கும். இம்ப்ளான்ட்டில் அந்தப் பிடிப்பு இல்லை. அதனால் படிவு ஈறுக்குக் கீழே இறங்கினால் முதலில் ஈறு சிவக்கும், ரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். விட்டுவிட்டால் எலும்பு கரையும், நல்ல இம்ப்ளான்ட்டே ஆடிப்போகும். புகைபிடிப்பவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், ஏற்கெனவே ஈறு நோய் இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம்.

கடைசி வரை

லீவன்ஹூக் 1723-ல், 90 வயதில் இறந்தார். கடைசி நாட்களிலும் கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை. கிருமிதான் நோய் தருகிறது என்பது நிரூபணமாக, அவர் இறந்து இன்னும் 150 ஆண்டுகள் ஆயின.

இம்ப்ளான்ட் வைத்தவர்கள் செய்ய வேண்டியது சிம்பிள். தினமும் இரண்டு வேளை துலக்குங்கள். இடுக்குகளை அதற்கான சின்ன பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். டாக்டர் சொன்ன தேதியில் செக்கப் போங்கள். ரத்தம் கசிந்தால், வலி இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள்.